மாதச் சம்பளமும் மெட்டும்: படநிறுவன இசைத்துறைகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரையிசை வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால், 1940 முதல் 1960 வரையிலான காலத்துத் திரையிசையில் கணிசமான பகுதி, படநிறுவனங்களின் இசைத்துறைகளில் பணியாற்றியோரால் கூட்டாக உருவாக்கப்பட்டதாகும். நிறுவனப் பணி என்னும் நிலை அந்த இசையின் வடிவத்தையும், அதனை ஆக்கியவரின் பெயர் நிலைத்தலையும் எவ்வாறு தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏவி.எம்., ஜெமினி, ஜூபிடர் ஆகிய நிறுவனங்கள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ‘தனி முத்திரை’ என்னும் அளவுகோல் இக்காலத்து இசையை மதிப்பிடப் போதுமானதன்று என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: திரையிசை, படநிறுவனம், ஆஸ்தான இசையமைப்பாளர், பின்னணியிசை, பதிப்புரிமை, ஆக்குநர்.

1. முன்னுரை

ஒரு படநிறுவனத்தில் நிலையாக இருந்து இசையமைத்தவரைத் தமிழ் ‘ஆஸ்தான இசையமைப்பாளர்’ என்று அழைத்தது. ‘ஆஸ்தானம்’ அரசவையைக் குறிக்கும் சொல். ஆஸ்தான வித்துவான், ஆஸ்தானப் புலவர் என்னும் வழக்குகளில் புரவலரின் மதிப்பும் கலைஞரின் தகுதியும் ஒருங்கே ஒலிக்கின்றன. அச்சொல்லைப் படநிறுவனத்துக்கு மாற்றியபோது மதிப்பு உடன் வந்தது. ஆனால் வேலைநேரம், சம்பளம், ஒப்பந்தம், உடைமை என்னும் புதிய உறவுகள் அச்சொல்லுக்குள் மறைந்துபோயின. அரசவையில் பாடியவரின் பாட்டு அவரது வாயோடும் மாணாக்கர் மரபோடும் நின்றது. படநிறுவனத்தில் அமைக்கப்பட்ட மெட்டோ ஒலிப்பதிவாகி, நிறுவனத்தின் சரக்காகச் சந்தைக்குச் சென்றது.

திரையிசை குறித்த தமிழ் எழுத்துகள் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை. அவை ஒவ்வோர் இசையமைப்பாளரையும் தனித்தனி அத்தியாயமாக்கி, அவருடைய பாடல்களைப் பட்டியலிட்டு, முத்திரையைத் தேடுகின்றன. இம்முறை தனித்தொழில் புரிந்த பிற்கால இசையமைப்பாளர்களுக்குப் பொருந்தும். முந்தைய தலைமுறைக்கு அதனை அப்படியே பொருத்தும்போது இரண்டு பிழைகள் நேர்கின்றன. முதலாவது, பலர் சேர்ந்து செய்த பணி ஒருவர் பெயரில் சேர்கிறது. அல்லது எவர் பெயரிலும் சேராமற் போகிறது. இரண்டாவது, நிறுவனத்தின் தேவைக்கேற்பப் பலவகை இசையைத் தந்தவர் ‘தனித்தன்மை இல்லாதவர்’ என்று தாழ்த்தி மதிப்பிடப்படுகிறார்.

2. கோயிற்பணியும் அவைப்பணியும்

இசைக்கலைஞர் ஓர் அமைப்பின் பணியாளராக இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும், நட்டுவம் செய்வார், வீணை வாசிப்பார், உடுக்கை வாசிப்பார் முதலியோரையும் பெயர்சுட்டிக் குறிக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது அளவு. பணியில் இருந்தவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ, அவருடைய உறவினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்யலாம். தாம் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரைக் கொண்டு செய்விக்கலாம். இவ்வேற்பாட்டில் கலைஞரின் பெயர் கல்லில் நின்றது. வாழ்வூதியம் வழித்தோன்றல்களுக்கும் சென்றது.

இவ்வமைப்பைச் சமத்துவமானது என்று கொள்வதற்கில்லை. சாதி, பாலினம், பிறப்பு ஆகியவை பணியை வரையறுத்தன; பணியை விட்டு விலகும் உரிமை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. எனினும் உடைமை குறித்து ஒரு தெளிவு அதில் உண்டு. செங்கற்பட்டு வட்டாரத்தில், குடைவரையில் எழுந்தருளிய பாடலாத்ரி நரசிம்மரின் கோயிலையே தன் பெயராகக் கொண்ட சிங்கப்பெருமாள் கோயில் போன்ற ஊரை எடுத்துக்கொண்டால், அத்தகைய கோயிலூர்களின் நாகசுவர மரபில் கோயிலுக்கு உரியது வேளை. புறப்பாட்டுக்கு உரிய நேரத்தில் வாசிக்க வேண்டியது கலைஞரின் கடமை. ஆனால் அவ்வேளையில் அவர் விரித்த இராக ஆலாபனை கோயிலின் உடைமை ஆவதில்லை. மறுநாள் வேறோர் ஊர்த் திருவிழாவில் அதே இராகத்தை அவர் தம் விருப்பம்போல் வாசிக்கலாம். பணி கோயிலுடையது, இசை கலைஞருடையது.

ஐரோப்பிய அரண்மனைப் பணியில் இவ்வெல்லை வேறாக இருந்தது. எஸ்தர்ஹாசி அரண்மனையில் ஜோசப் ஹைடன் 1761இல் பணியேற்றபோது, அவர் எழுதும் இசை இளவரசருக்கே உரியது என்றும், அனுமதியின்றிப் பிறருக்குத் தரலாகாது என்றும் ஒப்பந்தம் விதித்தது. 1779இல் செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தில் அத்தடை நீங்கிய பின்னரே அவர் தம் படைப்புகளைப் பதிப்பகங்களுக்கு விற்க வழி பிறந்தது. எழுத்தில் பதிவாகும் இசை, பிறரால் உடைமையாக்கப்படக்கூடிய பொருளாகிறது என்பதை இது காட்டுகிறது. தமிழ்நாட்டில் அதே நிலையைக் கொணர்ந்தவை இசைத்தட்டும் பேசும்படமுமாகும்.

3. இசைத்துறைகளின் அமைப்பு

பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் இசை, நாடக மேடையிலிருந்தும் கச்சேரி மேடையிலிருந்தும் வந்தது. நிறுவனங்கள் சொந்தப் படப்பிடிப்புத் தளங்களையும் ஒலிப்பதிவுக் கூடங்களையும் பெற்ற பிறகே இசைத்துறை என்னும் தனிப்பிரிவு உருப்பெற்றது. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸில் ஆர். சி. போரல், பங்கஜ் மல்லிக் ஆகியோரும், பம்பாய் டாக்கீஸில் சரஸ்வதி தேவியும் இவ்வகையில் முன்னோடிகள். ஹாலிவுட்டில் ஆல்ஃபிரட் நியூமன் 1940 முதல் 1960 வரை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் இசைத்துறைத் தலைவராக இருந்தார்.

சென்னையில் எஸ். எஸ். வாசனின் ஜெமினி இவ்வமைப்பை விரிவாக வளர்த்தெடுத்தது. கதை இலாகா, நடனக்குழு, இசைத்துறை ஆகியவை ஒரே வளாகத்துள் இயங்கின. ‘சந்திரலேகா’ (1948), ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949) ஆகிய படங்களின் இசையில் எஸ். ராஜேஸ்வர ராவ், எம். டி. பார்த்தசாரதி, ஆர். வைத்தியநாதன் முதலியோரின் பங்களிப்பு ஒருங்கே காணப்படுகிறது. ‘ஔவையார்’ (1953) படத்தின் இசையும் பலர் பெயரில் அமைந்ததே. வீணைக் கலைஞர் ஈமனி சங்கர சாஸ்திரியும் ஜெமினியில் பணியாற்றி ‘சம்சாரம்’ (1951) முதலிய படங்களுக்கு இசையமைத்தார். ஒரே படத்தில் ஒருவர் பாடல்களையும் மற்றொருவர் பின்னணியிசையையும் கவனிக்கும் இம்முறையில் ‘இது யாருடைய இசை?’ என்னும் வினாவுக்கு ஒற்றைப் பெயரை விடையாகத் தர இயலாது.

கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவைக் களமாகக் கொண்டு படமெடுத்த ஜூபிடர் நிறுவனத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசைப்பொறுப்பு வகித்தார். அங்கு உதவியாளராக இருந்த எம். எஸ். விசுவநாதன், ‘அபிமன்யு’ (1948) படத்தில் தாம் அமைத்த மெட்டு சுப்பையா நாயுடுவின் பெயரில் வெளிவந்ததையும், பின்னர் நாயுடுவே அவ்வுண்மையை எடுத்துக்கூறித் தமக்கு வழி திறந்ததையும் நன்றியோடு நினைவுகூர்ந்தவர். குருவின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே இச்செய்தி வழக்கமாக எடுத்தாளப்படுகிறது. அது பொருத்தமானதே. ஆயினும், உதவியாளரின் மெட்டு துறைத்தலைவரின் பெயரில் செல்வது அவ்வமைப்பின் இயல்பான நடைமுறையாக இருந்தது என்பதற்கும் இது சான்றாகும். பெயர் திரும்பக் கிடைத்தது ஒருவரின் மனச்சான்றால்; விதியால் அன்று. அத்தகைய குரு வாய்க்காத உதவியாளர்கள் எத்தனை பேர் என்பதைப் பட எழுத்துகளைக் கொண்டு மட்டும் கணக்கிட முடியாது.

4. பெயரற்ற இசை: ‘அந்த நாள்’

ஏவி. மெய்யப்பச் செட்டியார் படத்தயாரிப்புக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வாணிகத்தில் ஈடுபட்டவர். ஆகவே ஏவி.எம். நிறுவனத்துக்கு இசை, படத்தின் ஓர் உறுப்பாக மட்டுமன்றித் தனித்து விற்கக்கூடிய பொருளாகவும் தொடக்கம் முதலே விளங்கியது. அதன் படங்களின் பின்னணியிசை ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா’ என்னும் பெயரில் குறிக்கப்பட்டதை இப்பின்புலத்தில் வைத்து நோக்க வேண்டும். ‘பராசக்தி’ (1952) படத்தில் பாடல்களுக்கு ஆர். சுதர்சனத்தின் பெயரும் பின்னணியிசைக்கு இக்குழுவின் பெயரும் அமைந்தன.

இந்நிலையின் உச்சம் ‘அந்த நாள்’ (1954). பாடலும் நடனமும் அற்ற படமாக அது தமிழ்த் திரை வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது. சப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய காலப் பின்னணியில், வானொலிப் பொறியாளர் ஒருவரின் கொலை பலருடைய பார்வைகளின் வழியே திரும்பத் திரும்ப விவரிக்கப்படுகிறது. பாடல் இல்லாமையால் படத்தின் உணர்வோட்டத்தை ஒலியும் மௌனமும் பின்னணியிசையுமே தாங்குகின்றன. ஒரு பார்வையிலிருந்து மற்றொன்றுக்குக் கதை நகரும் இடங்களில், கேட்பவரின் ஐயத்தைத் தக்கவைக்கும் பொறுப்பு இசைக்கு வருகிறது. தமிழ்ப் படத்தில் இசை, பாட்டின் துணையின்றித் தன் ஆற்றலால் நிற்க முடியும் என்பதை மெய்ப்பித்த பணி அது.

அப்பணியைச் செய்தவர் பெயர் படத்தில் இல்லை. குழுவின் பெயரே உள்ளது. இயக்குநர் எஸ். பாலசந்தர் வீணை மேதை என்பதால் இசையைப் பற்றிய பாராட்டும் பல நேரங்களில் அவரையே சென்றடைகிறது. பாடலற்ற படம் என்னும் துணிவைப் பாராட்டும் திறனாய்வுகள், பாடலின் இடத்தை நிரப்பிய உழைப்பைக் குறித்து ஒருசில தொடர்களுக்கு மேல் பேசுவதில்லை. பெயர் இல்லாத இடத்தில் திறனாய்வும் நின்றுவிடுகிறது. ஆக்குநரை மையமாகக் கொண்ட வாசிப்பின் எல்லை இங்கே வெளிப்படுகிறது.

5. முத்திரையின்மை என்னும் குற்றச்சாட்டு

ஆர். சுதர்சனம் ஏவி.எம். நிறுவனத்தின் ஆஸ்தான இசையமைப்பாளராக அறியப்பட்டவர். ‘நாம் இருவர்’ (1947), ‘வேதாள உலகம்’ (1948), ‘வாழ்க்கை’ (1949), ‘ஓர் இரவு’ (1951), ‘களத்தூர் கண்ணம்மா’ (1960), ‘நானும் ஒரு பெண்’ (1963) எனத் தொடரும் அவருடைய பட்டியலில் தேசிய எழுச்சி, மாயக்கதை, சமூக நாடகம், குடும்பக்கதை ஆகிய அனைத்தும் உள்ளன. தமிழோடு தெலுங்கு, கன்னடப் படங்களுக்கும் அவர் இசையமைத்தார். கன்னடத்தின் ‘பேடர கண்ணப்ப’ (1954) அவற்றுள் ஒன்று. ஆயினும் ஜி. ராமநாதனுக்குக் கர்நாடக இராகங்களும், விசுவநாதன்–ராமமூர்த்தி இணைக்கு மெல்லிசையும் அடையாளமாகச் சுட்டப்படுவதுபோல் சுதர்சனத்துக்கு எதுவும் சுட்டப்படுவதில்லை. அவர் பாடல்கள் நினைவில் உள்ளன. பாடல்களோடு அவர் பெயர் நினைவில் இல்லை.

இதனைத் திறமைக் குறைவாகக் கொள்வது எளிது. ஆனால் பணியின் தன்மையைக் கருத வேண்டும். தனித்தொழில் புரியும் இசையமைப்பாளர் தம்மைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும். அடுத்த வாய்ப்பு அவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. நிறுவனப் பணியாளர் நிலை வேறு. இம்முறை எந்தக் கதையை நிறுவனம் தேர்ந்தெடுத்ததோ அதற்குரிய இசையை அவர் தர வேண்டும். வெற்றிபெற்ற இந்தி மெட்டைத் தழுவுமாறு முதலாளி கேட்டால் அதனையும் செய்ய வேண்டும். அது அக்காலத்தின் பரவலான வழக்கம். ஆகவே பல்வகைமை அவருடைய பணித்திறன். முத்திரையின்மை அப்பணி வேண்டிய ஒழுக்கம். சுதர்சனத்தை மதிப்பிட வேண்டிய வினா ‘இது அவருடையது என்று கேட்டவுடன் தெரிகிறதா?’ என்பதன்று, ‘இக்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமானது உண்டா?’ என்பதே.

நிறுவனப் பணியின் எல்லையும் அவர் வாழ்வில் தெரிகிறது. ‘வாழ்க்கை’யை ஏவி.எம். இந்தியில் ‘பகார்’ (1951) என எடுத்தபோது இசைக்கு எஸ். டி. பர்மன் அழைக்கப்பட்டார். வடநாட்டுச் சந்தைக்கு அங்கு அறிமுகமான பெயர் தேவைப்பட்டது. 1960களில் தமிழ்ச் சந்தையிலும் அதே தர்க்கம் செயற்பட்டது: ‘பார்த்தால் பசி தீரும்’ (1962), ‘சர்வர் சுந்தரம்’ (1964) ஆகியவற்றுக்கு விசுவநாதன்–ராமமூர்த்தியும், ‘அன்பே வா’ (1966) படத்துக்கு விசுவநாதனும் இசையமைத்தனர். இசையமைப்பாளரின் பெயரே விளம்பரமாக மாறிய காலத்தில், பெயரை முன்னிறுத்தாது உழைத்தவரிடம் விற்பதற்குப் பெயர் இல்லை. அதே 1964இல் வெளிநிறுவனப் படமான ‘பூம்புகா’ருக்குச் சுதர்சனம் அளித்த இசை, அவர் ஆற்றல் குன்றவில்லை என்பதற்குச் சான்று. மாறியது ஆற்றலன்று, வேலையின் வடிவம்.

6. சொல்லுக்கு விலை, மெட்டுக்குச் சம்பளம்

‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் விடுதலைக்கு முன்னரே விடுதலையைக் கொண்டாடின. அப்பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பச் செட்டியார் விலைகொடுத்துப் பெற்றிருந்தார். அவ்வுரிமை பின்னர்ப் பொது வழக்காகி, கோரிக்கையாகி, 1949இல் அரசின் வசம் வந்து நாட்டுடைமைக்கு வழி வகுத்தது. பாடலின் சொற்களுக்கு உரிமை உண்டு, அதற்கு விலை உண்டு, அதனை விடுவிக்க இயக்கம் நடத்தலாம் என்பதைத் தமிழகம் அறிந்திருந்தது. அச்சொற்களுக்கு அமைந்த மெட்டு குறித்து அத்தகைய பேச்சு எழவில்லை. அது சம்பளத்துக்குள் அடங்கியதாகவே கருதப்பட்டது.

சட்டமும் அவ்வாறே கருதியது. 1914ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தைப் பின்பற்றி, பணிக்காலத்தில் ஆக்கப்பட்டதன் முதல் உரிமையாளர் முதலாளியே என்றது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதையே தொடர்ந்தது. மேலும் அச்சட்டம் ‘இசைப்படைப்பு’ என்பதை எழுத்திலோ குறியீட்டிலோ பதிவானதாக வரையறுத்தது. ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து வாயால் பாடிக்காட்டி உருவாக்கும் தமிழ்த் திரையிசை முறைக்கு இவ்வரையறை பொருந்தவில்லை; 1994ஆம் ஆண்டுத் திருத்தமே குறியீட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை அமைப்பவர் இசையமைப்பாளரே என்று தெளிவுபடுத்தியது. இடையில் 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகப் பணம் பெற்று அமைத்த இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே எனத் தீர்ப்பளித்தது. இதனால் தனித்தொழில் புரிந்தவரும் உரிமை நோக்கில் நிறுவனப் பணியாளரின் நிலைக்கே வந்து சேர்ந்தார்.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை மாற்றியது. படத்தில் இடம்பெறும் படைப்பைப் பொறுத்தவரை, பணி ஒப்பந்தமும் ஊதியமும் ஆக்குநரின் உரிமையைப் பாதிக்கா என்னும் விதி 17ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவதற்கு அப்பாற்பட்ட பயன்பாடுகளில் ஆக்குநருக்குப் பங்கு உறுதியானது. இதில் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. அமெரிக்கச் சட்டம் கூலிக்குச் செய்த படைப்பின் ஆக்குநராகவே நிறுவனத்தைக் கொள்கிறது. இந்தியச் சட்டமோ முதலாளியை உரிமையாளராக்கிய காலத்திலும் ஆக்குநர் என்னும் இடத்தை அவருக்குத் தரவில்லை. உரிமையை இழந்த பின்னரும் படைப்பைத் தம்முடையது எனக் கோரும் சிறப்புரிமையை 57ஆம் பிரிவு ஆக்குநரிடமே விட்டுவைத்தது. ஆகவே பெயரின்மைக்குச் சட்டம் முழுக் காரணமன்று. பெயரைக் குறிக்காமல் விடுவது நிறுவன வழக்கம். குறிக்கப்படாததைத் தேடாமல் விட்டது திறனாய்வின் வழக்கம்.

7. அமைப்பின் மறைவு

1950களின் இறுதியில் நிறுவனத் தயாரிப்பு தளர்ந்து, தனித் தயாரிப்பாளர்கள் பெருகினர். ஹாலிவுட்டிலும் 1958ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை ஒட்டி நிறுவனங்களின் நிலையான இசைக்குழுக்கள் முடிவுக்கு வந்தன. தமிழில் இம்மாற்றம் இசையமைப்பாளருக்குப் புகழையும் பேரம் பேசும் ஆற்றலையும் தந்தது. கருவியிசைக் கலைஞருக்கோ நிலையான வருவாய் போய் நாட்கூலி வந்தது. எம். பி. சீனிவாசன் முன்னின்று திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததன் தேவை இங்கிருந்தே எழுந்தது. வேறு சிலருக்கு வானொலி புகலிடமாயிற்று. ஈமனி சங்கர சாஸ்திரி ஜெமினியிலிருந்து அகில இந்திய வானொலிக்குச் சென்று, பின்னர் அதன் வாத்திய விருந்தாவைத் தில்லியில் வழிநடத்தினார். ஜெமினியில் பல ஆண்டுகள் பணியாற்றிய அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் படத்துறையின் சிறு பணியாளர்களுடைய நிலையின்மையை எழுதினார். இசைத்துறையின் பணியாளர்களுக்கு அத்தகைய ஓர் எழுத்து வாய்க்கவில்லை.

8. முடிவுரை

தஞ்சைக் கல்வெட்டு இசைத்தவர்களின் பெயர்களைக் காத்தது. அவர்கள் இசைத்ததைக் காக்கும் கருவி அன்று இல்லை. படநிறுவனம் இசையைக் காத்தது. இசைத்தவர்களின் பெயர்களைக் காக்கும் வாய்ப்பிருந்தும் காக்கவில்லை. இந்த இழப்பில் ஒரு பகுதியை ஆய்வு ஈடுசெய்ய இயலும். பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டு உறைகள், பட எழுத்துகள், கலைஞர்களின் நினைவுரைகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, பாடல், பின்னணியிசை, உதவி, வாத்தியக்குழு எனப் பணிவாரியான அட்டவணைகள் உருவாக்கப்பட வேண்டும். படத்துக்கு ஓர் இசையமைப்பாளர் என்னும் இப்போதைய பட்டியல் முறை இக்காலப் படங்களுக்குக் கைவிடத்தக்கது.

அதனோடு மதிப்பீட்டு அளவுகோலும் மாற வேண்டும். முத்திரையைத் தேடும் செவி, தன்னை மறைத்துக்கொண்டு கதைக்கு இசைந்த இசையைக் கேட்கத் தவறுகிறது. ‘அந்த நாள்’ படத்தின் பெயரற்ற பின்னணியிசையும், பாடல் நிலைத்துப் பெயர் மங்கிய சுதர்சனத்தின் பணியும் தமிழ்த் திரையிசையின் ஓரத்தில் நிற்பவை அல்ல; அதன் அடித்தளம். அவற்றைப் பணியாகவும் கலையாகவும் ஒருசேர மதிப்பிடும்போதே ‘ஆஸ்தான இசையமைப்பாளர்’ என்னும் சொல் தன் முழுப்பொருளைப் பெறும்.